தஞ்சைச் சமவெளியிலிருந்து இன்கா மலைக்கு: எதை முதலில், எதைக் கடைசியில்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், இன்கா அரசர்கள் மலைமேல் கட்டிய பழைய ஊரான மச்சு பிச்சுவுக்குப் போகலாம் என்று யோசிக்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது செலவைத்தான். கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ கிளம்புகிறவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது உயரத்தை. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூடத் தேறாது. நாகப்பட்டினத்தைச் சொல்லவே வேண்டாம். நமக்குப் பழக்கமான மலை என்றால் ஊட்டி, அது 2,240 மீட்டர். தொட்டபெட்டா உச்சிக்குப் போனாலும் 2,637 மீட்டர்தான். மச்சு பிச்சுவுக்குப் போகும் வழியில் விமானம் இறங்கும் ஊர், இன்காக்களின் பழைய தலைநகரான குஸ்கோ. அதுவே ஏறத்தாழ 3,400 மீட்டர்.

மச்சு பிச்சு 2,430 மீட்டர், ஊட்டியை விடச் சற்றுத்தான் மேலே. ஆளைச் சாய்ப்பது மச்சு பிச்சு இல்லை, அதற்கு முன்னால் வரும் குஸ்கோ. ஆனால் பெரும்பாலான பேக்கேஜ்களில் குஸ்கோவில் இறங்கிய அன்று மதியமே 3,700 மீட்டரில் இருக்கும் சக்சைவாமான் என்னும் இன்காக் கோட்டைக்கு ஏற்றிவிடுகிறார்கள். இரவு தலைவலி, வாந்தி, தூக்கமின்மை. மூன்றாம் நாள் மச்சு பிச்சு வாசலில் போய் நிற்கும்போது படியேறத் தெம்பு இருக்காது. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும்: இறங்கியதும் குஸ்கோவைவிடத் தாழ்ந்த உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள், குஸ்கோவைக் கடைசிக்கு வையுங்கள். மற்ற எல்லாமே இந்த வரிசைக்குள் அடங்கிவிடும்.

எந்த மாதம்

அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை மழை, ஜனவரியும் பிப்ரவரியும் உச்சம். மே முதல் செப்டம்பர் வரை வறட்சிக் காலம், வானம் தெளிவு. ஆகவே பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போடும் திட்டத்தை மறந்துவிடலாம். நாலு நாள் நடந்தே போகும் இன்கா நடைபாதையைப் பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். மச்சு பிச்சு திறந்திருக்கும், ஆனால் மலைச்சரிவில் தண்டவாளம் அடைபட்டால் ரயில் நிற்கும்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி. சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல்லைப் போட்டுக் காசு கைக்கு வருவதற்குள் மாசி, பங்குனி ஆகிவிடும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்கு ஊரில் ஆள் இருந்தாக வேண்டும். நடுவில் இருக்கும் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் அங்கேயும் நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், மலை இன்னும் பச்சையாக இருக்கும், ஜூன், ஜூலைக் கூட்டம் வந்திருக்காது. பள்ளி விடுமுறையும் சேர்ந்துவிடும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இன்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா. பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இரவுக் குளிர் சுழியத்தை ஒட்டி இறங்கும்.

விசா, ஊசி, விமானம்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் ஆகியவற்றில் ஏதாவது ஒரு விசா குறைந்தது இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்காரருக்குச் சுற்றுலாவுக்குப் பெரு விசா தேவையில்லை. இல்லாதவர்கள் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடு தெருவுக்கு நாலு இருக்கிறது. பெற்றோர் கையில் பத்து வருட விசா இருக்கும். அவர்கள் இந்தியாவிலிருந்து தனியாகப் பெருவுக்குக் கிளம்புவதைவிட, பிள்ளை வீட்டுக்குப் போகும்போது அங்கிருந்து பெருவின் தலைநகரான லீமாவுக்குப் போய் வருவதுதான் புத்திசாலித்தனம். பயண நேரம் பாதிக்கும் கீழே குறையும், உடம்பும் நேர மாற்றத்துக்குப் பாதி பழகியிருக்கும். பெரு நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால்.

இந்தியாவிலிருந்து லீமாவுக்கு நேர் விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோதான் பெரும்பாலோர் போகிறார்கள். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால் ஒன்றரை நாள் பிடிக்கும். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். ஐரோப்பாவிலும் சில நாடுகள் இந்தியர்களிடம் விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கும். மலிவான டிக்கெட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் சென்னை கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்காக அந்த நாட்டுக்குள் நுழையவும் வேண்டிவரும். ஒரே டிக்கெட்டாகவே வாங்குங்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவுக்குள் போவதற்கு இதை யாரும் கேட்காமல் இருக்கலாம். திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. அட்டை இல்லாமல் வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே கிளம்பும் வாரத்தில் ஓடக்கூடாது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஊர் கிளினிக்கில் இது கிடைக்காது, அரசு அனுமதித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட கிழமைகளில்தான் போடுவார்கள், கேட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். அறுபது வயது தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் முதலில் பேச வேண்டும்.

மச்சு பிச்சு சீட்டு: எல்லாவற்றுக்கும் முன்னால்

நாள் குறிப்பது விமானத்தை வைத்து இல்லை, மச்சு பிச்சு நுழைவுச் சீட்டை வைத்து. முதலில் நுழைவுச் சீட்டு, அடுத்து ரயில், பிறகு குஸ்கோ விமானம், கடைசியில் அறைகள். தலைகீழாகச் செய்தவர்கள், ஓட்டல் எல்லாம் கட்டிவிட்டு, வேண்டிய பாதையில் சீட்டு இல்லாமல் விழிப்பார்கள்.

ஒரு நாளைக்குச் சாதாரணமாக 4,500 பேர், உச்ச நாட்களில் 5,600 பேர் என்று வரம்பு. 2024 ஜூனிலிருந்து உள்ளே மூன்று சுற்று, அவற்றுக்குள் பத்துப் பாதை. ஒரு சீட்டில் ஒரு பாதைதான். ஒருவழி நடை, வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

முதல் சுற்று மேல் படிக்கட்டுத் தளங்களோடு முடிந்துவிடும். நாட்காட்டியில் பார்க்கும் அந்தப் படம் கிடைக்கும், ஊருக்குள் இறங்க முடியாது. மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதி: சூரியக் கோயில், நீரூற்றுத் தொட்டிகள் பக்கம் போகும், ஆனால் அந்தப் படம் கிடைக்காது. இரண்டாம் சுற்று இரண்டும் சேர்ந்தது, அதில் 2-அ (தளத்தில் 2-A) பாதைதான் முதலில் தீரும். மே முதல் ஆகஸ்ட் வரைக்கு மூன்று, நாலு மாதம் முன்பே வாங்குங்கள். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு 2-ஆ போதும். வாய்னா பிச்சு சிகரம் 3-அ சீட்டில் வரும். பல இடங்களில் கைப்பிடி இல்லாத செங்குத்துப் படிகள், உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். இரண்டு நாள் தங்க முடிந்தால் முதல் நாள் 2-அ, மறுநாள் 3-ஆ என்று இரண்டு சீட்டு வாங்குவது என் சிபாரிசு. சாதாரணப் பாதைக்கு வெளிநாட்டவருக்கு 152 சோல் (பெருவின் நாணயம்), சிகரம் சேர்ந்தால் 200 சோல். ஒரு சோலுக்கு எத்தனை ரூபாய் என்பதை வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரு கலாச்சார அமைச்சகத்தின் 'து பொலேத்தோ' தளத்தில்தான் சீட்டு. அதைப் போலவே தோற்றம் காட்டும் தரகர் தளங்கள் தேடலில் மேலே வரும், கூடுதலாகப் பிடுங்குவார்கள். முகவரி அரசுத் தளத்துக்குரிய 'cultura.pe' என்று முடிகிறதா என்று பாருங்கள். நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில்.

ஒன்று, பெயர். ஸ்பானிய வழக்கப்படி அங்கே குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். நமக்கோ அப்பா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், சிலருக்கு அந்த வரி காலியாகவே இருக்கும். ஆதாரில் 'ரா. கார்த்திகேயன்' என்று இருப்பதைப் பார்த்து நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்த வரியில் என்ன இருக்கிறதோ அதையே, எழுத்து மாறாமல், அதே வரிசையில் நிரப்புங்கள். குடும்பப் பெயர் காலி என்றால், விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அதையே ரயிலுக்கும் நுழைவுக்கும் போடுங்கள். வாசலில் பாஸ்போர்ட் எண்ணையும் பெயரையும் ஒப்பிடுவார்கள். வாங்கிய பிறகு ஆள் மாற்ற முடியாது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் சீட்டு வாங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள். இடையில் எண் மாறிவிட்டால் பழைய புத்தகத்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, கார்டு. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் ஏற்றிவிட்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் பணம் கட்டும் பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுப்பு வரும், பிடித்து வைத்த இடம் கை நழுவிவிடும்.

இணையத்தில் தீர்ந்துவிட்டால் ஒரு கடைசி வழி உண்டு. மலையடிவார ஊரான அகுவாஸ் கலியெந்தெஸில் தினம் ஆயிரம் சீட்டு நேரில் விற்கிறார்கள், பெரும்பாலும் மறுநாளைக்கு. வரிசையில் நின்று முன்பதிவு எண் வாங்கி, சொன்ன நேரத்துக்கு மறுபடி போக வேண்டும். எந்தப் பாதை கிடைக்கும் என்று உறுதி இல்லை. கடல் தாண்டி வருகிறவர் இதை நம்பிக் கிளம்பக்கூடாது.

நாட்களை அடுக்குவது

லீமாவில் ஓர் இரவு. மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, ஒன்றேகால் மணி நேரம். மதியத்துக்கு மேல் வானிலையால் விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் அதிகம், அதனால் காலைதான். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகாமல் நேராக வண்டி பிடித்துப் பள்ளத்தாக்கில் உள்ள ஒயந்தைதாம்போ என்ற ஊருக்கு, ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். அந்த ஊர் 2,790 மீட்டர், குஸ்கோவைவிட அறுநூறு மீட்டர் கீழே. அன்று எதையும் பார்க்க வேண்டாம். படுக்கையும் சூடான சூப்பும் போதும்.

மறுநாள் ஒயந்தைதாம்போ. அதற்கு அடுத்த நாள் மொராய் படிக்கட்டு வயலும் மராஸ் உப்பளமும், அல்லது பீசாக் என்னும் இன்கா இடம். பிறகு மதிய ரயிலில் அகுவாஸ் கலியெந்தெஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த ஊர் 2,040 மீட்டர்தான், அங்கே நன்றாகத் தூக்கம் வரும். மறுநாள் காலை மச்சு பிச்சு, மாலை ரயிலில் திரும்பி குஸ்கோ. இதற்குள் உடம்புக்கு நாலைந்து நாள் பழக்கம் கிடைத்திருக்கும், 3,400 மீட்டர் முதல் நாளில் செய்திருக்கக்கூடியதைச் செய்யாது. குஸ்கோவில் இரண்டு, மூன்று நாள் இருந்துவிட்டு லீமா.

லீமாவிலிருந்து ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். மழை மட்டும் காரணமில்லை. உள்ளூர்ப் போராட்டம் வந்தால் தண்டவாளத்தில் கல்லை உருட்டிப் போட்டு ரயிலை மறிப்பது அங்கே வழக்கம். மச்சு பிச்சுவுக்குக் கார் போகும் சாலை கிடையாது என்பதால் ரயில் நின்றால் எல்லோரும் நின்றுவிட வேண்டியதுதான்.

ரயிலில் சின்னப் பைதான் அனுமதி. பெரிய பெட்டியை ஒயந்தைதாம்போ அறையில் விட்டுப் போகலாம், கேட்டால் வைத்துக்கொள்வார்கள். அடிவாரத்திலிருந்து மேலே பேருந்து, அரை மணிக்கும் குறைவு, போக வர 24 டாலர். காலை ஐந்தரைக்கு முதல் வண்டி. உங்கள் நுழைவு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலாவது வரிசையில் நில்லுங்கள். நடந்தும் ஏறலாம், ஒன்றரை மணி நேரம் கல்படி. ஏறித் தீர்த்தபின் உள்ளே நடக்கக் கால் மிச்சமிருக்காது.

கழிப்பறை வாசலுக்கு வெளியே மட்டும். உள்ளே இல்லை, திரும்பி வரவும் முடியாது. சர்க்கரைக்காரர்களும் வயதானவர்களும் இதை மனத்தில் வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். பை 40×35×20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குடை கூடாது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். செல்ஃபி குச்சி, டிரைபாட், தின்பண்டம், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் எதையும் விடமாட்டார்கள். கைத்தடிக்கு ரப்பர் முனை வேண்டும். அரைக்கால் சட்டை போட்டுப் போனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன ஈ கணுக்காலைக் கடித்துவிடும், ஒரு வாரத்துக்கு அரிக்கும். முழுக்கால் சட்டையும் கொசுவிரட்டிக் களிம்பும் அவசியம்.

உயரமும் உடம்பும்

குஸ்கோவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. வயதோ உடற்பயிற்சியோ இதில் காப்பாற்றாது. தினம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற இளைஞன் படுத்துக் கிடப்பான், பக்கத்தில் அவன் அம்மா தெம்பாக இருப்பார்.

மருத்துவர்கள் பொதுவாக எழுதிக் கொடுப்பது அசிடசோலமைடு. வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும், உயரத்துக்கு ஏறும் முந்தின நாளிலிருந்து. நம் மருந்துக் கடையில் 250 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித்தான் வாங்க வேண்டும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மருந்தின் குணம் அது. ஓய்வெடுத்தும் மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மருந்தை நம்பி உட்காராமல் உடனே கீழே இறங்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

முதல் இரண்டு நாள் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், உயரத்தில் செரிமானம் மந்தமாகும். மது வேண்டாம்.

காலுக்குப் பயிற்சி வேறு விஷயம். டெல்டாவில் ஏற மேடே கிடையாது. இன்காப் படிகளில் ஒன்று அரை முழம், அடுத்தது ஒரு முழம். ஒரே அளவில் இருக்காது, இறங்கும்போதுதான் முழங்கால் சொல்லும். சுவாமிமலையின் 60 படிகளைத் தினம் பத்து முறை ஏறி இறங்கினால் இரண்டு மாதத்தில் தொடை கட்டிப்படும். வாரம் ஒரு நாள் திருச்சி மலைக்கோட்டை. கடைசி மாதத்தில் ஒருமுறை கொல்லிமலை ஆகாயகங்கை அருவிக்கு இறங்கி ஏறிப் பாருங்கள், ஆயிரத்துக்கும் மேல் படி. அதை வலியில்லாமல் முடித்தால் மச்சு பிச்சுவின் எந்தச் சுற்றும் கடினமில்லை.

எதைப் பார்ப்பது

கோயில் மதிலெங்கும் கல்வெட்டு படித்து வளர்ந்த கண்ணுக்கு இன்கா இடங்கள் முதலில் வெறுமையாகத் தெரியும். பெரிய கோயிலில் ராஜராஜன், யார் எவ்வளவு கொடுத்தார், கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் யார் யார் என்பதுவரை 1010-ஐ ஒட்டியே கல்லில் வெட்டி வைத்துவிட்டான். மச்சு பிச்சு அதற்கு நானூறு ஆண்டுக்கும் பிந்தியது, 15-ஆம் நூற்றாண்டில் பச்சாகுதி என்ற அரசர் காலத்தில் எழுந்தது. ஆனால் அங்கே ஓர் எழுத்து கிடையாது. இன்காக்கள் கணக்கு வைத்தது கிப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளில். சிலை, தூண் வேலைப்பாடு என்று தேடினால் ஏமாற்றம்தான். உள்ளே விளக்கப் பலகைகளும் அநேகமாக இல்லை, ஆகவே வாசலில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது வீண் செலவு ஆகாது.

நாம் பார்க்கத் தெரிந்த ஒன்று அங்கே நிறைய இருக்கிறது: தண்ணீர் வேலை. மச்சு பிச்சுவுக்குத் தண்ணீர் மலைச்சரிவில் ஓர் ஊற்றிலிருந்து 749 மீட்டர் நீளமுள்ள கல் வாய்க்காலில் வருகிறது. வந்து பதினாறு தொட்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுகிறது. அரசர் தங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் முதல் தொட்டி, அவருக்குப் பிறகுதான் ஊருக்கு. இதைவிட முக்கியம் கண்ணுக்குத் தெரியாத வடிகால். அங்கே ஆண்டுக்குத் தஞ்சாவூரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு மழை. அந்த மழை செங்குத்துச் சரிவில் தேங்கினால் ஊரே சரிந்துவிடும். படிக்கட்டுத் தளங்களில் மேலே வண்டல், அதற்குக் கீழே மணலும் சரளையும், அடியில் உடைகல். நடு மைதானத்தின் அடியிலோ கல் செதுக்கிய சில்லுகளையே கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். சுவர்களின் அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிகால் துவாரங்கள் இருக்கின்றன. நடந்து போகும்போது குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். ஐந்நூறு ஆண்டுக்கும் மேல், அதிலும் நாலு நூற்றாண்டுகள் யாரும் பராமரிக்காமல் நின்றதற்குக் காரணம் இதுதான். 1911-ல் அமெரிக்க ஆய்வாளர் ஹைராம் பிங்காம் அங்கே போனபோது காடு மூடியிருந்தது, சுவர் நின்றது.

இந்தத் தண்ணீர் வேலையில் ருசி உள்ளவர்கள் திப்போன் என்னும் இன்கா இடத்தைத் தவறவிடாதீர்கள். குஸ்கோவிலிருந்து தென்கிழக்கே இருபத்தைந்து கிலோமீட்டர் போல. பேக்கேஜ் வண்டிகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை, அதனால் கூட்டம் இருக்காது. அகன்ற படிக்கட்டு வயல்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் செதுக்கிய வாய்க்கால், இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது. ஓர் இடத்தில் வாய்க்கால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, பிறகு நான்காகி, நாலு தாரையாகக் கல் மேல் விழும். நாலும் ஒரே கனம். தலைமடைக்கும் கடைமடைக்கும் தண்ணீர்ச் சண்டை தெரிந்தவர் அந்த இடத்தை விட்டு எளிதில் நகர மாட்டார். வாய்க்காலின் அடிக்கல்லைக் கவனியுங்கள்: தண்ணீர் பிரியும் முன் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, வேகத்தைத் தணித்திருப்பது தெரியும்.

ஒயந்தைதாம்போவில் இன்கா காலத் தெருக்களிலேயே மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள், தெருவோரம் வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும். மேலே சூரியக் கோயிலில் ஆறு பெரும் பாறைகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. உருபாம்பா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மலையிலிருந்து இவற்றை இறக்கி, ஆற்றைக் கடத்தி, இக்கரையில் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். வழியில் விட்டுவிட்டுப் போன கற்களுக்கு 'களைத்த கற்கள்' என்று பெயர். எதிர் மலையில் பழைய தானியக் கிடங்குகள், காற்று அடிக்கும் சரிவாகப் பார்த்துக் கட்டியது. ஏறக் கட்டணமில்லை, காலை வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள்.

மராஸ் உப்பளம் வேதாரண்யம் பார்த்தவர்களுக்குப் புதிராக இருக்கும். கடல் கிட்டத்தில் இல்லை, மலைக்குள்ளிருந்து வரும் உவர் ஊற்றைச் சரிவில் ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளில் பாய்ச்சிக் காயவைக்கிறார்கள். பக்கத்திலேயே மொராய், வட்ட வட்டமாக இறங்கும் படிக்கட்டு வயல். அரை நாளில் இரண்டும் முடியும்.

குஸ்கோவில் கொரிகாஞ்சா. இன்காக்களின் சூரியக் கோயில் மேல் ஸ்பானியர் மடம் கட்டினார்கள். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மேலே கட்டியது பெரிதும் இடிந்தது, அடியில் இருந்த இன்காச் சுவர் அசையவில்லை. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், இரும்புக் கருவி இல்லாமல் பொருத்திய கல். கதவு, சன்னல் எல்லாம் மேலே குறுகி, சுவர் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதைப் பாருங்கள், நிற்பதற்கான காரணம் அதிலும் இருக்கிறது.

குஸ்கோ சுற்றுலாச் சீட்டு ஒன்று உண்டு: 130 சோல், பத்து நாள், பதினாறு இடம். சக்சைவாமான், பீசாக், ஒயந்தைதாம்போ, மொராய், திப்போன் எல்லாம் இதில் அடக்கம். மச்சு பிச்சு, கொரிகாஞ்சா, மராஸ் உப்பளம் அடங்காது. முதலில் போகும் இடத்திலேயே வாங்கலாம், ரொக்கமாக வைத்திருங்கள்.

சாப்பாடு, பணம், பிளக்

அரிசிச் சோறு எங்கும் கிடைக்கும். சைவக்காரர்களுக்குச் சோதனை சூப்பில்தான். கீன்வா என்ற தானியத்தின் சூப் என்று சொல்வார்கள், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள். 'சின் கார்னே' என்றால் மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லி, 'சின் கால்தோ தெ போயோ' என்று கோழிச் சாறும் வேண்டாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுபோகிறவர்கள் கடையில் மூடி முத்திரையிட்டதாக வாங்கி, சுங்கப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் வேண்டாம், பறிமுதல் ஆகும். மின்கெட்டிலில் சோறு வடிக்கும் யோசனை குஸ்கோவில் பலிக்காது. அங்கே தண்ணீர் 89 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், அரிசி நடுவில் கடுக்கென்று நிற்கும்.

கிழிந்த, மடித்த, கிறுக்கிய டாலர் நோட்டை அங்கே தொடமாட்டார்கள். ஓரத்தில் நூலளவு கிழிசல் இருந்தாலும் திருப்பித் தருவார்கள். புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். மின்சாரம் 220 வோல்ட், நம் சார்ஜர் தாங்கும். மெல்லிய இரண்டு முள் பிளக் பொருந்தும், தடித்த மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

திரும்பும்போது பெட்டியில் ஒன்று மட்டும் இருக்கக்கூடாது. உயரத்துக்கு இதமாக அங்கே ஓட்டலுக்கு ஓட்டல் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள், கடையில் பாக்கெட்டாகவும் மிட்டாயாகவும் விற்கும். பெருவில் அது சட்டப்படி சரி. இந்தியாவில் கோக்கா இலை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. நடுவில் விமானம் மாறும் நாடுகளிலும் பிடிப்பார்கள். ஒரு பை தேநீர்கூட வேண்டாம். முன்யா என்ற புதினா வகை மூலிகைத் தேநீரை அங்கேயே குடித்துவிட்டு, மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் குடியேற்ற வரிசைக்கு முன்னாலேயே சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள்.